இடையில் பதினேழு மணி நேரம்

ஜெயசுதா வந்த விமானம் திருச்சியில் இறங்கியபோது மணி காலை ஐந்தே முக்கால். அவள் துபாய்க்குப் போக வேண்டிய விமானம் இரவு பத்தே முக்காலுக்கு. இடையில் பதினேழு மணி நேரம்.

சிங்கப்பூரில் நான்கு வருடமாக அவள் பார்த்தது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. கடைசியாகப் பார்த்துக்கொண்ட சீனப் பெரியவர் போன மாதம் இறந்துபோனார். துபாயில் இன்னொரு வீட்டில் அதே வேலை அமைந்தது. டிக்கெட்டை அவர்களே போட்டார்கள். மறுநாள் காலை அங்கே இருந்தாக வேண்டும்.

பக்கத்து இருக்கையில் வந்த பெண் வழி நெடுக யோசனை சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைப் பார்த்துவிடலாம், வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டை, மத்தியானம் நல்ல ஓட்டலில் சாப்பிட்டு ஒரு அறை எடுத்துத் தூங்கிவிடலாம். ஜெயசுதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கணக்கு வேறு. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், விமான நிலையத்துக்கென்று மூன்று மணி நேரம். மீதி எட்டு மணி நேரம் கச்சிராயபாளையத்தில் இருக்கும் மகளோடு. அவளை நேரில் பார்த்து இரண்டரை வருடம் ஆகிவிட்டது. திடீரென்று போய் நிற்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

வெளியே ஒரு கார்க்காரர் கிடைத்தார். பெயர் அரங்கநாதன், கள்ளக்குறிச்சிக்காரர். யாரையோ விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"கச்சிராயபாளையமா? வெறும் வண்டியாத்தான் போய்க்கினு இருக்கேன், குந்துங்க."

"சாயங்காலம் திரும்பவும் இங்கயே கொண்டாந்து வுடணும்."

"வுட்டுடலாம். இன்னா, ஒரு நாளுக்குன்னு வந்திருக்கீங்களா?"

"ஒரு நாள்கூட இல்லங்க. எடையில கெடச்ச நேரம்."

பெரம்பலூர் தாண்டித் தேநீர் குடித்தார்கள். சின்னசேலம் வந்ததும் கல்வராயன் மலை தெரிய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையானதால் பிள்ளை வீட்டில்தான் இருப்பாள். ஜெயசுதா பையைத் திறந்து, வாங்கி வந்த கவுனின் அளவை இன்னொரு முறை பார்த்தாள். சுபஸ்ரீக்குப் பதினொரு வயது. அளவு சரியாக இருக்குமா என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

கணவன் இளமாறன் கரும்பு டிராக்டர் கவிழ்ந்து இறந்து ஐந்து வருடம். அதற்குப் பிறகுதான் அவள் வெளிநாடு போனாள். பிள்ளை, இளமாறனின் தம்பி தங்கதுரை வீட்டில் வளர்ந்தாள். அந்த வீட்டில்தான் மாமனார் மாயவனும் இருந்தார். சென்ற வருடம் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஐந்து மாதம் படுக்கையில் கிடந்து, எட்டு மாதத்துக்கு முன் இறந்தார். ஜெயசுதாவால் வர முடியவில்லை. அவர் விழுந்தார் என்று கேட்டதுமே, ஊருக்கு வந்த ஒரு ஆள் மூலம் காற்று மெத்தை ஒன்றை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

கார் நின்றபோது மணி பத்து. வீடு தெருக் கடைசியில் இருந்தது. பின்னால் கரும்புக் கொல்லை, அதற்கும் பின்னால் மலை.

சுபஸ்ரீ வாசலில்தான் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் ஓடி வரவில்லை. கால்களைச் சற்று அகட்டி வைத்து, ஒவ்வொரு அடியாக நடந்து வந்தாள். ஜெயசுதா அவளை அள்ளி அணைத்தபோது பிள்ளையின் உடம்பு விறைத்தது. தலையில் தேங்காய் எண்ணெய் வாசம். அதற்குக் கீழே இன்னொரு வாசம்.

ஜெயசுதாவின் கைகள் அப்படியே நின்றன.

அழுகிய கொய்யாப் பழத்தோடு பழைய செப்புக் காசுகளை ஊற வைத்தது போன்ற நாற்றம் அது. அந்த வேலை பார்ப்பவர்கள் ஒரு தடவை முகர்ந்தால் சாகும் வரை மறக்க மாட்டார்கள். திருப்பிப் போடாமல் ஒரே பக்கமாகக் கிடந்த உடம்பில் வைக்கும் படுக்கைப் புண்ணின் நாற்றம்.

அவள் தன் கைகளை முகர்ந்து பார்த்தாள். புடவைத் தலைப்பை முகர்ந்தாள். தன்னோடு கூடவே வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே அது இன்னும் கெட்டியாக இருந்தது.

"வாக்கா," என்று தங்கதுரையின் மனைவி அஞ்சலை ஈரக் கையோடு வந்தாள். "இன்னாக்கா இது, ஒரு போன்கூடப் பண்ணாம வந்து நிக்கிற." தங்கதுரை அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வா அண்ணி," என்றான். இருவர் முகத்திலும் எந்தச் சுளிப்பும் இல்லை.

"இன்னா நாத்தம் இது?" என்று ஜெயசுதா கேட்டாள்.

"நாத்தமா?" அஞ்சலை மூக்கை உறிஞ்சினாள். "ஒன்னியும் இல்லியேக்கா. கொல்லையில எரு கொட்டியிருக்காங்க, அதுவா இருக்கும்."

கூடத்தில் புதிதாக ஒரு மீன் தொட்டி இருந்தது. ஆரஞ்சு நிற மீன்கள் நான்கைந்து. அதற்குக் காற்று ஊதும் கருவி ஒரு பக்கம் கொஞ்ச நேரம் குமிழி விடும், நிற்கும், பிறகு மறுபக்கம் விடும். அந்தத் தாளம் ஜெயசுதாவுக்கு எங்கேயோ கேட்டுப் பழகியதாக இருந்தது.

தங்கதுரை ஓடிப் போய்க் கோழி வாங்கி வந்தான். அஞ்சலை உலை வைத்தாள். பதினொன்றரைக்கெல்லாம் தட்டு வைத்துச் சோறு போட்டார்கள். ஆவி பறந்தது.

ஜெயசுதா பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள். விரல்களுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை நூல்கள் நீண்டன. இரண்டு நாள் மூடி வைத்த சோறு போல. கையை உயர்த்த உயர்த்த நூல்களும் நீண்டன.

"அஞ்சலை, இது இப்ப வடிச்ச சோறுதான?"

"இப்பதான்க்கா. நீ பாத்துகினுதான இருந்த?" அஞ்சலை தன் தட்டிலிருந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கடைவாயில் ஒட்டிய நூலைப் புறங்கையால் துடைத்தாள். "இந்த வூட்ல இன்னா ஆக்குனாலும் கொஞ்ச நேரத்துல இப்படித்தான் ஆயிடுது. தண்ணி சரியில்ல. பழகிப்போச்சு."

தங்கதுரை கோழிக் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். குழம்பின் மேல் ஜவ்வு போல ஏதோ மினுங்கியது. அவன் அதோடு சேர்த்து வழித்து வாயில் வைத்தான். மென்றான். விழுங்கினான். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினான்.

சுபஸ்ரீ சுவரில் தோள் சாய்த்து, நின்றபடியே சாப்பிட்டாள்.

"குந்திச் சாப்புடுடி."

"வேணாம்மா."

"அது எப்பவும் நின்னுகினுதான் துன்னும்," என்றாள் அஞ்சலை.

ஜெயசுதா பின்பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த தேநீர்தான் வந்தது. நிமிர்ந்தபோது பிள்ளை பக்கத்தில் சொம்போடு நின்றிருந்தாள். ஜெயசுதா வாயைக் கொப்பளித்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"திரும்பு. பாவாடையக் கீழ எறக்கு."

"வலிக்கும்மா."

"அம்மா தொட மாட்டேன். பாக்க மட்டுந்தான் செய்வேன்."

முதுகு முடியும் இடத்தில், வால் எலும்பின் மேல், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு அது இருந்தது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் தோல் கழன்று, மஞ்சளாக ஈரம் கசிந்தது. ஜெயசுதா இதுபோல எத்தனையோ பார்த்திருக்கிறாள். எல்லாமே எண்பது வயதுக்கு மேல். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த உடம்புகள்.

பள்ளிக்கூடம் போய் வருகிற, தெருவில் விளையாடுகிற பிள்ளைக்கு இது வராது.

வரவே வராது.

"எத்தினி நாளா இருக்குது?"

"தாத்தா ரூமுல படுத்ததுலேர்ந்து. ரெண்டு மாசமா." சுபஸ்ரீ குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சித்திகிட்ட சொன்னேன். வேக்குருன்னு சொல்லி பவுடர் போட்டாங்க."

"அங்க எதுல படுக்குற?"

"தாத்தா கட்டில்ல. அதுல எடமே இருக்காதும்மா. நான் ஓரமாத்தான் படுப்பேன். காலையில பாத்தா நடுவுல இருப்பேன். கை கால் ஒன்னியும் அசைக்க முடியாது. சித்தி வந்து கூப்புட்டாத்தான் எழுந்துக்க முடியும்."

"ஏன் எடம் இருக்காது?"

பிள்ளை குளியலறைச் சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம்தான் அந்த அறை.

ஜெயசுதா அவளை வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தனியாக அந்த அறைக்குப் போனாள். கதவின் கீழ் இடுக்கில் பழைய கோணிச்சாக்கு அடைத்திருந்தது. காலால் தள்ளித் திறந்தாள். சின்ன அறை. ஒரு ஜன்னல், அதுவும் ஆணி அடித்து மூடப்பட்டது. இரும்புக் கட்டிலில் இலவம்பஞ்சு மெத்தை. மெத்தையின் நடுவே ஆள் கிடந்த பள்ளம் இருந்தது. பிள்ளை படுத்த அளவுக்கு அல்ல, வளர்ந்த ஆணின் நீளத்துக்கு. பள்ளத்தின் நடுப்பகுதியில் பழுப்பாக ஒரு கறை. அவள் ஒரு விரலால் தொட்டாள்.

ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பாகவும் இருந்தது.

அவள் அனுப்பிய காற்று மெத்தை அங்கே இல்லை. கூடத்துக்குத் திரும்பினாள். மீன் தொட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, அதிலிருந்து இரண்டு குழாய்கள். ஒரு பக்கம் ஊதி நின்று, மறுபக்கம் ஊதியது. படுத்திருப்பவர்களின் உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்க, அந்த மெத்தையின் அறைகளை மாற்றி மாற்றி நிரப்பும் கருவி. சிங்கப்பூரில் பகலும் இரவும் அவள் காதோடு ஓடிக்கொண்டிருந்த சத்தம்.

"மெத்தை எங்க?" என்றாள்.

தங்கதுரை கை கழுவிக்கொண்டிருந்தான். "அது வந்து அண்ணி... கொட்டாயில கன்னுக்குட்டிக்குப் போட்டிருக்குது."

"மாமாவுக்குப் போடவே இல்லியா?"

"கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கும்னாங்க."

"அவர யாரு திருப்பிப் போட்டது?"

அவன் அஞ்சலையைப் பார்த்தான். அஞ்சலை தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தம்பி, உன்னத்தான் கேக்குறேன்."

"மொதல்ல ஒரு மாசம் பாத்தோம்," என்றான் மெதுவாக. "அப்பால முடியல. பக்கத்துல போக முடியாது அண்ணி, அப்படி ஒரு நாத்தம். சோத்தக் கதவுக்கு உள்ள வெச்சிட்டு வந்துடுவோம். கதவச் சாத்திட்டா ஒன்னியும் தெரியாது."

"எடுத்துத் துன்றதுக்குக் கை எட்டுமா அவருக்கு?"

அவன் ஈரக் கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"கடைசியில எப்படி இருந்தாரு?"

"புழு வெச்சிருந்துச்சு," என்றான் தங்கதுரை. முகத்தைச் சுளித்தான். அன்றைக்கு முழுக்க அவன் முகம் சுளித்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள். அதுவும் செத்துப்போன தன் அப்பாவை நினைத்து.

மாமா உயிரோடு இருந்தபோது ஜெயசுதா ஒருநாள் காணொளி அழைப்பில் அவரைக் காட்டச் சொல்லியிருந்தாள். முகத்தை மட்டும் காட்டினார்கள். நெற்றிப்பொட்டு குழி விழுந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அது சோறு தண்ணீர் இல்லாமல் காயும் உடம்பு என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை. அவள் கேட்கவில்லை. கேட்டால் இவர்களுக்குக் கோபம் வரும், பிள்ளைக்கு வேறு இடம் இல்லை என்று நினைத்தாள். "நல்லா இருக்கீங்களா மாமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அந்தச் சீனப் பெரியவரை இரண்டு முறை திருப்பிப் படுக்க வைத்து, முதுகு துடைத்து, பவுடர் போட்டாள்.

வாசலுக்கு வந்து திருக்கோவிலூரில் இருக்கும் அக்கா பச்சையம்மாளுக்குப் போன் செய்தாள். இரண்டே நிமிடத்தில் பேசி முடித்தாள். அக்கா மூன்று மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள். பள்ளிக்கூட மாற்றமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வேப்பமரத்தடியில் சுபஸ்ரீ இல்லை.

"பொஸ்தகம் எடுக்கணும்னு உள்ள போச்சுங்க," என்றார் காரில் சாய்ந்திருந்த அரங்கநாதன்.

ஜெயசுதா ஓடினாள்.

பிள்ளை கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். பள்ளத்தின் சரியாக நடுவில். கண்கள் திறந்திருந்தன. ஜன்னல் இடுக்கின் வழியே வந்த வெயில் கீற்று அவள் கன்னத்தில் விழுந்தது. உச்சி வேளை. வெளியே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"அம்மா," என்றாள், உதடு அசையாமல். "கனமா இருக்குது."

ஜெயசுதா அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. முப்பது கிலோகூட இருக்காத பிள்ளை. இன்னொரு முறை கால் ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். தோள் மூட்டு கடகடத்தது. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். படுத்துக் கிடக்கும் ஆண்களின் கனம். ஒரு ஆளால் தூக்க முடியாது, திருப்பத்தான் முடியும்.

"தங்கதுரை," என்று கூப்பிட்டாள். "இங்க வா. இடுப்பப் புடி."

அவன் கதவு வரைக்கும் வந்தான். தோள் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டான். உள்ளே கால் வைக்கவில்லை.

"வாடா. உன் அண்ணன் பொண்ணுடா."

"என்னால முடியாது அண்ணி," என்றான் துண்டுக்குள்ளிருந்து. "நாத்தம் தாங்கல."

அப்படியானால் அவனுக்கும் தெரிகிறது. இத்தனை நேரமும் தெரிந்திருக்கிறது.

ஜெயசுதா அதற்கு மேல் அவனைக் கூப்பிடவில்லை. சமையலறையில் வெந்நீர் வைத்து வாளியில் ஊற்றினாள். பையைத் திறந்து, வேலைக்கென்று வைத்திருந்த கையுறையையும் பஞ்சையும் மருந்தையும் எடுத்தாள். பிள்ளைக்கு வாங்கி வந்த புதுத் துண்டை எடுத்தாள். அறைக்குத் திரும்பி, பலகையைப் பெயர்த்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு கட்டிலோரம் நின்று, எந்த நாட்டில் யாருடைய படுக்கையானாலும் தொடுவதற்கு முன் சொல்கிற வார்த்தைகளைச் சொன்னாள்.

"மாமா. நான் ஜெயசுதா. இப்ப உங்கள வலது பக்கமாத் திருப்பப் போறேன். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க."

ஒரு கையைத் தோளுக்கும் இன்னொரு கையை இடுப்புக்கும் கொடுத்தாள். கண்ணுக்குத் தெரிந்தது மகளின் இடுப்பு. கைக்குக் கிடைத்தது சதை வற்றிய, கூரான, பெரிய எலும்பு.

திருப்பினாள்.

அறை முழுக்க நாற்றம் பொங்கியது. கண்ணில் நீர் கொட்டியது. பிள்ளை ஒருக்களித்துப் படுத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மெத்தைப் பள்ளம் வெறுமையாக இருந்தது. ஆனாலும் பஞ்சு மேலே எழும்பவில்லை. எதுவோ இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

ஜெயசுதா முதலில் பிள்ளையின் புண்ணைத் துடைத்துக் கட்டினாள். பிறகு இன்னொரு பஞ்சை நனைத்து, அந்த வெற்றிடத்தில், புண் எங்கே இருந்திருக்குமோ அங்கே வைத்தாள். பஞ்சு மெத்தையைத் தொடவில்லை. அதற்கு நாலு விரல்கடை மேலேயே நின்றது.

கொழகொழவென்று உள்ளே இறங்கியது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். வாளியில் பிழிந்தாள். தண்ணீர் பழுப்பானது. மறுபடி துடைத்தாள், மறுபடி பிழிந்தாள். மூன்றாவது முறை பிழிந்தபோது வாளியில் சோற்றுப் பருக்கைகள் போலச் சில மிதந்தன. ஒன்று நெளிந்தது. கதவருகே தங்கதுரை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்தாள். முதுகு, கழுத்து மடிப்பு, கால் இடுக்கு, குதிகால் என்று ஒவ்வொரு இடமாக, கண்ணுக்குத் தெரியாத அந்த உடம்பை, கை சொல்லிய வழியில் துடைத்தாள்.

"ஆச்சு மாமா. இன்னும் கொஞ்சம்தான்," என்றாள். பிறகு, இதுவரை எந்த நோயாளியிடமும் சொல்லாததையும் சொன்னாள். "எனக்குத் தெரியும் மாமா. போன்ல பாத்தப்பவே தெரியும். நான் கேட்டிருக்கணும்."

யாரோ நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள். அது சுபஸ்ரீ விட்டது அல்ல.

மெத்தை மெதுவாக, பொத்தென்ற சத்தம்கூட இல்லாமல் மேலெழும்பியது.

"அம்மா," என்று பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். "கால் மரத்துப் போச்சு."

ஜெயசுதா அவளைத் தூக்கிக்கொண்டாள். முப்பது கிலோகூட இல்லை. பையை ஒரு கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூடத்தில் அஞ்சலை, "அக்கா, ஒரு வாய் காபியாவது," என்று டம்ளரை நீட்டினாள். காபியின் மேல் ஆடை பச்சையாக நெளிந்தது. ஜெயசுதா அவளைத் தாண்டி நடந்தாள். தங்கதுரை வாசல் படியில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"புள்ளய இட்டுகினு போய்ட்டா நாங்க இன்னா பண்றது அண்ணி?" என்றான்.

அவன் எதற்குப் பயந்து கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கட்டிலில் பிள்ளையை ஏன் படுக்க வைத்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தை யாராவது ஒருவர் நிரப்ப வேண்டியிருந்தது.

அவள் அவன் முகத்தில் துப்பவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பச்சையம்மாள் இரண்டரைக்கே வந்து காத்திருந்தாள். புண்ணை எப்படிக் கழுவ வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும் என்று ஜெயசுதா காட்டிக் கொடுத்தாள். மூன்று பேரும் ஓட்டலில் இட்லி சாப்பிட்டார்கள். சுபஸ்ரீ ஒரு இட்லியைப் பிட்டு, நூல் வருகிறதா என்று மெல்லப் பிரித்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டாள். பிறகு இன்னும் நான்கு வாங்கிச் சாப்பிட்டாள். திருக்கோவிலூர் பஸ் புறப்படும் வரை ஜெயசுதா ஜன்னல் கம்பியில் கை வைத்து நின்றாள். எட்டு மணி நேரம் என்று போட்ட கணக்கில் பிள்ளையோடு பேசியது ஒரு மணி நேரம்கூட இருக்காது.

திருச்சிக்குத் திரும்பும்போது அரங்கநாதன் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினார். விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

துபாய் வேலை நல்லபடியாகவே அமைந்தது. சுபஸ்ரீயின் புண் பன்னிரண்டு நாளில் ஆறித் தோல் மூடியது. திருக்கோவிலூர்ப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள், உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆற்றுக்குப் போகிறாள் என்று அக்கா சொன்னாள். ஜெயசுதா நிம்மதியானாள். தங்கதுரையின் எண்ணை அழிக்க வேண்டும் என்று நினைத்தாள், அழிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பின்னாலேயே அழைப்பும் வந்தது.

"அண்ணி, அந்தப் படத்தப் பாரு. இன்னா மருந்து போட்டா ஆறும்னு சொல்லு." குரல் தேய்ந்து போயிருந்தது. "கள்ளக்குறிச்சியில டாக்டராண்ட காமிச்சேன். எத்தினி மாசமா படுத்துகினு இருக்கேன்னு கேக்குறாரு. நானே வண்டி ஓட்டிகினு போனேன் அண்ணி."

ஜெயசுதா படத்தைத் திறந்தாள். அந்த இரும்புக் கட்டிலில் அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் எலும்பின் வெள்ளை தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரையிலிருந்து நாற்றம் வராது என்று தெரிந்தும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

எத்தனை வெறுப்பு இருந்தாலும் வேலை வேலைதான். கழுவும் முறையைச் சொன்னாள். மருந்தின் பெயரைச் சொன்னாள்.

"எல்லாத்தையும் விட, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ பக்கம் மாத்திப் படுக்கணும்," என்றாள். "படத்துல புடிச்சிகினு இருக்காங்களே, அவங்களையே திருப்பிவுடச் சொல்லு."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"யார அண்ணி?" என்றான். "அஞ்சலை அவங்க அம்மா வூட்டுக்குப் போய் ஒரு மாசமாச்சு. வூட்ல நான் மட்டுந்தான் இருக்கேன். போனை ஜன்னல்ல வெச்சி நானேதான் எடுத்தேன்."

ஜெயசுதா மறுபடியும் படத்தைத் திறந்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

அவன் இடுப்பெலும்பின் மேல் ஒரு கை இருந்தது. தோல் சுருங்கிய கை. நீண்டு வளைந்த நகங்கள் அவன் சதைக்குள் பதிந்திருந்தன. மணிக்கட்டுக்கு அப்பால் வெறும் மெத்தைதான் இருந்தது, வேறொன்றும் இல்லை. நோயாளியைத் திருப்புகிற கை எப்படிப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளங்கை விரிந்து, எலும்பைத் தாங்கி, முன்பக்கமாகத் தள்ளும்.

இது அப்படிப் பிடிக்கவில்லை.

அவன் திரும்பிவிடாதபடி, பின்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது.